கையில் நிற்கும் கல்வி

கல்வியின் பயனை அளந்தறிய விரும்புவோர் தேர்வுத்தாளைப் பார்ப்பது வழக்கம். ஒரு மாணவன் எதை நினைவில் வைத்திருக்கிறான் என்பதைத் தேர்வுத்தாள் காட்டும். எதை வாழ்க்கையில் மேற்கொண்டிருக்கிறான் என்பதை அது காட்டாது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அறிய வேண்டுமானால், நண்பகல் உணவு வேளையில் ஒரு பள்ளியின் முற்றத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தல் போதும்.

காலையில் அறிவியல் வகுப்பு நடைபெறுகிறது. “நோய்க்கிருமிகள் எவ்வாறு பரவுகின்றன?” என்று ஆசிரியர் வினவுகிறார். “காற்றாலும் நீராலும் உணவாலும் தொடுதலாலும் பூச்சிகளாலும் பரவுகின்றன” என்று ஒரு மாணவன் எழுந்து தடையின்றி விடை கூறுகிறான். “நோய் வாராமல் காத்துக்கொள்வது எங்ஙனம்?” என்று அவர் மீண்டும் கேட்கிறார். “உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்” என்று மற்றொருவன் கூறுகிறான். ஆசிரியர் மகிழ்கிறார். சிறிது நேரத்தில் உணவு மணி ஒலிக்கிறது. விடை கூறிய இருவரும் தட்டை ஏந்திக்கொண்டு ஓடுகின்றனர். ஒருவன் குழாய் நீரில் விரல் நுனிகளை நனைத்துச் சட்டையில் துடைத்துக்கொள்கிறான். மற்றவன் அதுவும் செய்யவில்லை. அவர்கள் கூறிய விடையில் பிழை இல்லை. ஆனால் அவ்விடை நாவளவில் நின்றுவிட்டது. கையை வந்து அடையவில்லை.

இக்குறையை அம்மாணவர்கள்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. நாம் கற்பிக்கும் முறையிலும், பள்ளிகளை அமைத்துள்ள முறையிலும் குறை இருக்கிறது. நோய்க்கிருமிகளைப் பற்றிய பாடம் முழுமை பெறுவதற்கு மூன்று வேண்டும் என்பது என் கருத்து. ஏன் செய்ய வேண்டும் என்னும் காரண அறிவு ஒன்று. நாள்தோறும் செய்து படியும் பழக்கம் ஒன்று. பழகுவதற்கு வேண்டிய நீரும் சோப்பும் ஒன்று. இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் பாடம் ஏட்டோடு நின்றுவிடும்.

முதலில் காரண அறிவைப் பற்றிச் சிந்திப்போம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி நடப்பது எளிதன்று. பாம்பைக் கண்டால் விலகுகிறோம். நெருப்பை அணுகினால் கையை இழுத்துக்கொள்கிறோம். அவற்றை அஞ்சுமாறு எவரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டுவதில்லை. கிருமியின் நிலை வேறு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாகப் பகுத்தால், அவற்றுள் சில கூறுகளின் நீளமே பாக்டீரியாக்கள் பலவற்றின் நீளமாகும். வைரஸ்கள் அவற்றினும் மிகச் சிறியவை. அழுக்கற்றதாகத் தோன்றும் உள்ளங்கையில் அவை கோடிக்கணக்கில் இருக்கலாம். கண் ‘தூய்மை’ என்று சான்று கூறும்போது, அறிவு ‘இல்லை’ என்று மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தப் போராட்டத்தில் கண்ணே பெரும்பாலும் வென்றுவிடுகிறது.

இந்நுண்ணுயிர்களை மனிதன் முதன்முதலில் கண்டது நோயைத் தேடிச் சென்றபோது அன்று. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் வாழ்ந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தம் கையாலேயே சிறு சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, அவற்றைக் கொண்டு எதனையும் பெருக்கிப் பார்ப்பதில் பேரார்வம் உடையவர். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பதை அறிய விரும்பி, அவர் மிளகை நீரில் ஊறவைத்தார். சில வாரங்கள் கழித்து அந்நீரில் ஒரு துளியை எடுத்து நோக்கியபோது, எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் நீந்தக் கண்டு வியந்தார். 1676-ஆம் ஆண்டில் இச்செய்தியை இலண்டன் மாநகரிலுள்ள அரச அறிவியற் கழகத்திற்கு எழுதினார். பின்னர், 1683-ஆம் ஆண்டில், தம் பல்லிடுக்கில் படிந்த அழுக்கிலும் அத்தகைய உயிர்கள் இருப்பதை எழுதினார். ஆயினும், இச்சிற்றுயிர்களுட் சில நோயைத் தரும் என்பதை உலகம் உறுதியாக உணர்வதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் இழந்த உயிர்கள் எத்துணை!

காரணத்தை அறியாமல் இருப்பதன் கொடுமையையும், காரணத்தை விளக்காமல் கட்டளையிடுவதன் பயனின்மையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அஃது ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் நிகழ்ந்தது. அங்கிருந்த பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணி செய்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சியர் பணி செய்தனர். பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சல் இரண்டு பிரிவுகளிலும் இருந்தது. ஆனால் 1841 முதல் 1846 வரையிலான ஆண்டுகளில், முதற்பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார்கள் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவாகவே இறந்தனர். நகரத்துப் பெண்கள் இதனை அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என்று மண்டியிட்டு அழுதவர்களும் உண்டு.

அப்பிரிவில் 1846-ஆம் ஆண்டில் உதவி மருத்துவராகப் பணியேற்றவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்பவர். அவர் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்னும் வினா அவரை உறங்கவிடவில்லை. கூட்ட மிகுதியா? அன்று, கூட்டம் இரண்டாம் பிரிவிலேயே மிகுதி. காற்றின் கேடா? அன்று, இரு பிரிவுகளுக்கும் ஒரே காற்றுத்தான். இவ்வாறு ஒவ்வொன்றாக ஆராய்ந்து நீக்கி வந்தார். 1847-ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிண ஆய்வின்போது ஒரு மாணவனின் கத்தி தம் கையில் பட்டுக் காயமுற்று இறந்தார். அவருடைய நோயின் குறிகள் அத்தாய்மார்களின் நோய்க்குறிகளை ஒத்திருந்தன. செம்மல்வெய்ஸுக்கு உண்மை விளங்கிற்று. மருத்துவர்களும் மாணவர்களும் பிண ஆய்வுக் கூடத்திலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வந்தனர். மருத்துவிச்சியர் பிண ஆய்வு செய்வதில்லை. ஆகவே மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்து வந்தன!

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவிற்குத் தாழ்ந்தது. புதிய மருந்து எதுவும் வரவில்லை. புதிய கட்டடம் எழவில்லை. கை கழுவினர், தாய்மார்கள் பிழைத்தனர்.

இவ்வளவு தெளிவான பயனைக் கண்ட பின்னர் உலகம் அவரைப் போற்றியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நிகழ்ந்தது அதற்கு மாறானது. 1849-ஆம் ஆண்டில் அவர் தம் பணியை இழந்தார். உயிர்காக்கும் தம் கைகளே உயிரைப் பறித்தன என்று ஒப்புக்கொள்ள மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. கையில் ஒட்டியிருப்பது யாது, அஃது எவ்வாறு நோயாகிறது என்று கேட்டவர்களுக்குக் கண்காட்டி விளக்க அவரிடம் சான்று இல்லை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று பிறக்கவில்லை. அவரும் தம் ஆராய்ச்சியை 1861-ஆம் ஆண்டு வரை நூலாக வெளியிடவில்லை. பின்னர் மறுத்தவர்களைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். 1865-ஆம் ஆண்டில் மனநோயாளர் விடுதி ஒன்றில் அவர் வாழ்வு முடிந்தது. காயத்தின் வழியே குருதியில் பரவிய நஞ்சே அவர் உயிரைக் கொண்டது. எந்த நோயை வெல்ல முயன்றாரோ அதன் இனத்தைச் சேர்ந்த நோய்க்கே அவர் இரையானார்.

இவ்வரலாற்றில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பாடம் இருக்கிறது. ‘கழுவு’ என்னும் ஆணை, ஆணையிடுபவர் அருகில் நிற்கும் வரையில்தான் வாழும். ‘ஏன் கழுவ வேண்டும்’ என்பதை உணர்ந்தவனுக்கு ஆணையே வேண்டுவதில்லை. அக்காரணத்தை உலகிற்கு உணர்த்தியவர்கள் அடுத்து வந்த அறிஞர்கள். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வளைந்த நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குடுவையில் இறைச்சிச்சாறு போன்ற நீர்மங்களைக் கொதிக்க வைத்து, அவை கெடாமல் இருப்பதைக் காட்டினார். கழுத்தை உடைத்ததும் தூசியோடு நுண்ணுயிர்கள் உள்ளே புகுந்தன; நீர்மம் கெட்டது. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், 1882-ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். நம் நாட்டின் கல்கத்தா நகருக்கு வந்து, வாந்திபேதியை விளைக்கும் கிருமியை 1884-ஆம் ஆண்டில் அங்கிருந்த குளத்து நீரில் கண்டார். நோயின் காரணத்தை ஆராய்ந்து அதற்கேற்ற வழியில் அதனை நீக்க வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறிக்கு இவ்வறிஞர்களின் உழைப்பு நல்ல விளக்கமாக அமைகிறது.

அக்காரணத்தை வகுப்பறையில் காட்ட விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நுண்ணோக்கி இருந்தால் நன்று; இல்லையெனினும் குற்றமில்லை. சிறிது விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு மாணவனின் உள்ளங்கையில் தடவுங்கள். அவன் வழக்கம்போல் கதவைத் திறக்கட்டும், புத்தகத்தைப் புரட்டட்டும், நண்பனின் கையைப் பற்றட்டும். ஒரு பாடவேளை முடிவதற்குள் அக்கரி எங்கெங்குச் சென்றுள்ளது என்று எல்லோரும் தேடிப் பாருங்கள். மேசையில் இருக்கும், பேனாவில் இருக்கும், தொடாதவன் என்று எண்ணிய ஒருவனின் மூக்கு நுனியிலும் இருக்கும். கிருமி செல்லும் வழியும் இதுவே. பின்னர், அம்மாணவன் வெறும் நீரில் கையைக் கழுவட்டும், கரி போகாது. சோப்பிட்டுத் தேய்க்கட்டும், விரலிடுக்கும் நகக்கண்ணும் நீங்கலாகப் பிற இடங்களில் போய்விடும். நாம் எந்த இடங்களைக் கழுவ மறக்கிறோம் என்பதையும் அக்கரியே காட்டிக்கொடுக்கும்.

சோப்பு ஏன் இதனைச் செய்கிறது? அதன் மூலக்கூற்றின் ஒரு முனை நீரோடு சேரும். மறு முனை எண்ணெயோடு சேரும். கையிலுள்ள எண்ணெய்ப் பசையிலே கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பு அப்பசையைப் பற்றி இழுத்து, நீரோடு போகுமாறு செய்கிறது. கொரோனா வைரஸ் போன்ற சில வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. அவ்வுறையையே சோப்பு சிதைத்துவிடுகிறது. ஆனால் இதற்கு நேரம் வேண்டும். குறைந்தது இருபது விநாடி தேய்த்தல் வேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே. காரணத்தைக் கண்ணால் கண்ட மாணவன் இருபது விநாடியை வீண் என்று கருதமாட்டான்.

உண்மையைக் கற்பிக்கும்போது அதனை மிகைப்படுத்தலும் கூடாது. கிருமி என்றதும் எல்லா நுண்ணுயிர்களையும் பகை என்று கூறிவிடுகிறோம். பாலைத் தயிராக்குவது நுண்ணுயிர். அரைத்து வைத்த மாவை இரவில் புளிக்கச் செய்து, காலையில் இட்டிலியை மென்மையாக்குவதும் நுண்ணுயிர். நம் குடலில் வாழ்ந்து செரிமானத்திற்குத் துணை செய்பவையும் உண்டு. எதனையும் தொட அஞ்சி நடுங்கும் பிள்ளைகளை உருவாக்குவது நம் நோக்கமன்று. மண்ணில் விளையாடட்டும், மரத்தில் ஏறட்டும், ஆடு கன்றுகளைத் தடவிக்கொடுக்கட்டும். உண்பதற்கு முன்னும், மலங்கழித்த பின்னும், நோயுற்றோர்க்கு உதவிய பின்னும் கையைக் கழுவட்டும். இடமறிந்து காத்துக்கொள்வதே அறிவு.

நோய்தோறும் வழி வேறுபடும் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். வாந்திபேதி நீராலும் உணவாலும் வருகிறது. டெங்குக் காய்ச்சல் கொசுவால் வருகிறது. காசநோய், நோயாளி இருமும்போது காற்றில் கலந்து வருகிறது. தட்டம்மைக்குத் தடுப்பூசியே தக்க காவல். கை கழுவுதல் எல்லா நோய்க்கும் வேலியாகாது. எந்தப் பகை எந்த வாயில் வழியே வருகிறது என்று அறிந்தால், அந்த வாயிலை அடைக்கலாம். பல நோய்களுக்கு நம் கையே வாயில் என்பதால், கையைக் காப்பது முதற்கடமையாகிறது.

வழியை அடைத்தே ஒரு நோயை ஒழித்த பெருமை நம் நாட்டிற்கு உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் நோயைப் பற்றி உங்கள் பாட்டன் பாட்டியர் கேட்டிருப்பர். தமிழகத்திலும் அந்நோய் ஒருகாலத்தில் இருந்தது. படியிறங்கி நீர் எடுக்கும் கிணறுகளிலும் குளங்களிலும் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளின் உடலில் அப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். நீரோடு அப்பூச்சியை விழுங்கியவரின் உடலில் அது வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளமுள்ள புழுவாகக் கால் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். வேதனை தாங்காமல் காலை நீரில் நனைத்தால், புழு மீண்டும் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டுங்கள், நோயுள்ள காலோடு நீரில் இறங்காதீர்கள் என்று ஊர்தோறும் கற்பித்தனர். படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினர். பாதுகாப்பான குடிநீர் தந்தனர். 1996-ஆம் ஆண்டிற்குப் பின் இந்தியாவில் அந்நோய் எவர்க்கும் வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம், இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டது எனச் சான்றளித்தது. இங்கே காரண அறிவும் பழக்கமும் வசதியும் ஒன்றுகூடின, நோய் ஒழிந்தது. வடிகட்டுமாறு அறிவுரை கூறிவிட்டுத் துணியும் தராமல், கிணற்றையும் மாற்றாமல் விட்டிருந்தால் இவ்வெற்றி கிடைத்திருக்குமா?

இவ்வினாவையே நம் பள்ளிகளை நோக்கியும் கேட்க வேண்டும். தமிழகத்தில் பள்ளியென்பது கற்கும் இடம் மட்டுமன்று. உண்ணும் இடமும் ஆகும். 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் அளிக்கத் தொடங்கினர். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை உணர்ந்து செய்த பேரறம் அது. அவ்வுணவின் முழுப்பயனும் பிள்ளையின் உடலில் சேர வேண்டுமானால், வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் அதனைக் கவர்ந்து செல்லாமல் காக்க வேண்டும். சோற்றுக்குச் செலவிடுவோர் சோப்புக்குத் தயங்குதல் தகுமா?

கணக்குப் பாடம் இங்கே நமக்குத் துணை செய்யும். ஒரு பள்ளியில் 300 மாணவர் உண்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் சோப்பிட்டுக் கழுவி முடிக்க அரை நிமிடம் வேண்டும். இரண்டு குழாய்கள் மட்டும் இருந்தால், எல்லோரும் கழுவி முடிக்க 75 நிமிடம் ஆகும். உணவு இடைவேளையோ அதனினும் குறைவு. இந்நிலையில் கை கழுவாத மாணவனைக் கடிந்துகொள்வதில் நேர்மை இல்லை. பத்துக் குழாய்கள் இருந்தால் 15 நிமிடத்தில் வேலை முடியும். குழாய்களுக்கு வழியில்லாத இடத்தில், அடியில் திருகு பொருத்திய பீப்பாய்களை வரிசையாக வைக்கலாம். சோப்புக் கட்டி காணாமற் போகிறது என்றால், வலைப்பையில் இட்டுக் குழாயருகே கட்டித் தொங்கவிடலாம். சோப்பை நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றியும் வைக்கலாம். வகுப்பிற்கு இருவர் முறைவைத்து அதனைக் கவனித்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாளை உலகக் கை கழுவும் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று ஊர்வலம் செல்வதும் உறுதிமொழி எடுப்பதும் நல்லவையே. ஆனால் எஞ்சிய நாள்களிலும் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

“நம் முன்னோர் கிருமி என்னும் பெயரையே அறியாமல் நன்றாக வாழவில்லையா?” என்று சிலர் கேட்பதுண்டு. முன்னோரின் பெருமைகளுள் பல போற்றத்தக்கவை. வீட்டு வாயிலில் கால் கழுவி உட்புகும் வழக்கமும் அவற்றுள் ஒன்று. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அஃது எழுபதை ஒட்டியிருக்கிறது. பிறந்த பிள்ளைகளுட் பலர் ஐந்து வயதைக் காணாமல் மறைந்தனர்; எஞ்சியவர்களையே நாம் முன்னோர் என்கிறோம். தூய நீரும் தடுப்பூசியும் மருந்தும் நல்லுணவும் தூய்மைப் பழக்கமும் சேர்ந்தே இம்மாறுதலை உண்டாக்கின. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என 1980-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இயற்கையாகப் பரவும் வைரஸால் வரும் இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் இறுதியாகக் காணப்பட்டது 2011-ஆம் ஆண்டில். இவை தாமாக நிகழ்ந்தவை அல்ல.

இப்பாடத்தைக் கற்பிக்கும்போது காத்துக்கொள்ள வேண்டிய அறம் ஒன்று உண்டு. கிருமியை விலக்கக் கற்ற மனம், நோயுற்ற மனிதரையே விலக்கத் தொடங்கிவிடக் கூடாது. தொழுநோயாளரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிய கொடுமையை நாம் அறிவோம். இன்று கூட்டு மருந்தால் அந்நோய் முற்றும் குணமாகிறது. மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து அது பிறர்க்குப் பரவுவதில்லை. ஆயினும் ஒதுக்கும் மனம் முற்றும் மாறிற்று என்று கூற முடியுமா? 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, நோயுற்றோரை மட்டுமன்றி, அவர்களுக்குத் தொண்டு செய்தோரையும் சிலர் வெறுத்து ஒதுக்கினர். அச்சம் அறிவின் இடத்தைப் பற்றிக்கொண்டால் விளைவது இதுவே.

மேலும், ‘தூய்மை’ என்னும் சொல்லை நம் சமுதாயம் நீண்ட காலம் தவறாகப் பயன்படுத்தியது. பிறப்பால் சிலரைத் தூயர் என்றும் சிலரைத் தீண்டத்தகாதவர் என்றும் கூறிற்று. நுண்ணோக்கி அப்பொய்யைத் தகர்த்துவிட்டது. உயர்ந்த மருத்துவர்கள் எனப்பட்டோரின் கைகளிலேயே சாவு ஒட்டியிருந்ததை வியன்னா நகரம் கண்டது. கழுவாத கை எவருடையதாயினும் தீங்கு தரும். கழுவிய கை எவருடையதாயினும் தூயது. கிருமி குலம் கேட்பதில்லை, செல்வம் கேட்பதில்லை. ஆதலால், தெருவையும் கழிவுநீர்க் கால்வாயையும் தூய்மை செய்து நம்மை நோயினின்றும் காப்போரை இழிவாக எண்ணுபவன், கிருமிகளைப் பற்றி எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் இப்பாடத்தைக் கற்றவன் ஆகான்.

மாணவர்களே, உங்களை நோக்கியும் ஒன்று கூற வேண்டும். குழாயும் சோப்பும் அமைப்பது பெரியவர்களின் கடமை. அமைந்தவற்றைப் பயன்படுத்துவதும் பேணுவதும் உங்கள் கடமை. உங்கள் கை உங்களுக்கு மட்டும் உரியதன்று. வீட்டிற்குச் சென்றதும் தங்கையைத் தூக்குகிறீர்கள். பாட்டிக்கு நீர் மொண்டு கொடுக்கிறீர்கள். உங்கள் இளமைக்கு எளிதாகத் தாங்கும் நோய், பால் குடிக்கும் குழவிக்கும் தளர்ந்த முதியவர்க்கும் உயிர்க்கேடு ஆகலாம். இருமும்போது கைக்குட்டையாலோ மடித்த முழங்கையாலோ வாயை மூடுவதும், காய்ச்சல் உள்ளபோது பள்ளிக்கு வாராமல் ஓய்ந்திருப்பதும் பிறர்பால் நாம் காட்டும் அன்பே. நீங்கள் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் பணிவோடு எடுத்துக் கூறுங்கள். ஒரு பள்ளியில் படிந்த நற்பழக்கம் ஓர் ஊர் முழுவதும் பரவும்; நோய் மட்டுந்தான் பரவும் என்பதில்லை.

நம் மொழியில் ‘கை கழுவிவிட்டான்’ என்றால், பொறுப்பை விட்டு நீங்கினான் என்று பொருள். அவ்வழக்கு இருந்துவிட்டுப் போகட்டும். உணவு மணி ஒலித்ததும் குழாயடியில் வரிசையாக நின்று கைகளைத் தேய்த்துக் கழுவும் பிள்ளைகளோ, தம்மையும் தம் வீட்டாரையும் காக்கும் பொறுப்பை மேற்கொள்கின்றனர். அக்காட்சியை எல்லாப் பள்ளிகளிலும் எல்லா நாள்களிலும் காணும்போதுதான், கிருமிகளைப் பற்றிய பாடத்தை நாம் நடத்தி முடித்தோம் என்று கூறலாம்.